புளித்த தூளும் அவித்த வித்தும்

உங்கள் அம்மாவின் வலது கைக் கட்டைவிரலில் நகம் கிடையாது. அம்மிக் குழவி விழுந்து போய்விட்டது என்று சின்னவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனும் 'எனது தாய்' என்ற கட்டுரையில் அதை அப்படியே எழுதி, சரி போட்டு வாங்கி வந்தான். குழவி இல்லை. அசிட். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதில் எனக்கே விளங்காத பகுதிதான் அதிகம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா அப்போது ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தாள். காலையில் வெட்டிக் கொண்டுவரும் பாலைத் தட்டுகளில் ஊற்றி, அசிட் கலந்த தண்ணீர் விடுவார்கள். பால் தயிர் மாதிரிக் கட்டியாகும். அதைக் கையால் அள்ளி அமுக்கி ரோலரில் கொடுக்க வேண்டும். நாலைந்து வருடத்தில் அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மிளகாய் தொட முடியாது. பெரியவளுக்குத் தலை பின்ன முடியாது. நான் பின்னிவிட்டேன். நான் போட்ட பின்னலைப் பார்த்து லயமே, வரிசை வீடு முழுக்கவே, சிரித்தது பெரியவளுக்கு ஞாபகம் இருக்கும்.

நகம் ஒருநாள் வேலை நேரத்திலேயே கழன்று தட்டில் விழுந்தது. வலிக்கவே இல்லை என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தோட்டத்து மருந்தய்யா, மூன்று மாதத்துக்கு அசிட் பக்கமே போகக்கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கரிடம் காட்டினேன்.

"சரி, மூணு மாசம் பேர வெட்டாம வச்சிருக்கேன்" என்றார். "அதுக்குப் பொறகு ஸ்டோருக்கு வரணும். களை வெட்டுல எடம் இல்ல, பால் வெட்டுலயும் இல்ல. வரலன்னா பேர எடுத்துருவேன். அப்பறம் வந்து தலையச் சொறியக் கூடாது."

ஆகவே எங்களுக்கு இருந்தது மூன்று மாதம். அதற்குள் வேறு பிழைப்பு கிடைத்தால் அம்மாவின் கை தப்பும். கிடைக்காவிட்டால் அந்தக் கை திரும்பவும் அசிட்டுக்குள் போகும். நான் ஒருத்தன் உழைத்து நாலு வயிறு நிறையாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அந்த வாரம்தான் புளத்கொகுபிட்டியவில் மருந்துக் காளான் வளர்க்கிற வகுப்பு நடந்தது. கொழும்பில் அதைக் காய வைத்துத் தூளாக்கிக் கசாயம் போட்டுக் குடிக்கிறார்களாம், வாங்க ஆள் இருக்கிறதாம். வகுப்பு முழுவதும் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச்சு தண்ணீர் பட்ட பாடு; எழுத்து மட்டும் பஸ் போர்டுக்கு மேல் ஏறாது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். மிஸ் சொல்வதைச் சொன்னபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம் என்பது என் கெட்டித்தனம்.

மிஸ் ஒரு காய்ந்த காளானைத் தூக்கிக் காட்டினார். விசிறி மாதிரி, மரம் மாதிரி கடினம், மேலே சிவப்பாக வார்னிஷ் அடித்தது போல் மினுக்கம். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஜாதிக்காரனை எனக்கு நன்றாகத் தெரியும். நான் தோட்டத்தில் வேர்நோய் கேங்கில் வேலை செய்தவன். ரப்பர் மரத்தின் வேரில் பூஞ்சணம் பிடித்தால் மரம் நின்றபடியே சாகும். அந்த வேரைத் தோண்டி, அடியில் முளைத்திருக்கும் தட்டுக் காளானைச் சுரண்டி எரித்து, கந்தகம் போட்டு மூடுவதுதான் என் வேலை.

எழுந்து நின்று, "மிஸ், எங்க தோட்டத்துல இதக் கொல்லுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று சிங்களத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்து, "ஒரே ஜாதி அய்யே, ஆனா ஒரே ஆள் இல்ல" என்றார். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன்.

குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கொல்ல வேண்டியது எது, வளர்க்க வேண்டியது எது என்று அன்றிலிருந்து எனக்குச் சரியாகப் பிடிபடவே இல்லை.

கொப்பியில் நான் எழுதிய பக்கம் இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. ரப்பர் மரத்தூள், தவிடு, சோயா மா, சுண்ணாம்பு எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். பிடித்து அமுக்கினால் சொட்டக்கூடாது, அந்த அளவுக்குத் தண்ணீர். பொலித்தீன் பையில் நிரப்பி, வாயில் பஞ்சு அடைத்து, பீப்பாயில் ஆவியில் வைக்க வேண்டும். அதற்குக் கீழே இப்படி இருக்கிறது: 'பீஜ – நல்லா அவிக்கணும். ஒன்னும் உசுரோட இருக்கக் கூடாது.' அடுத்த வரி: 'ஆறினதும் பீஜ போடணும்.'

சிங்களத்தில் பீஜ என்றால் வித்து. காளானுக்கு வித்து என்பது போத்தலில் நெல்லைப் போட்டு, அதன்மேல் காளானின் வெள்ளை நூலை வளர்த்துக் கொடுப்பது. பார்த்தால் பூஞ்சணம் பிடித்த நெல் மாதிரியே இருக்கும். விஷபீஜ என்றால் அது வேறு, கிருமி. மிஸ் முதலாவதாகச் சொன்னது விஷபீஜ. எனக்கு எழுத நேரம் காணாமல் விஷத்தை விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துக் கொப்பியைத் திறந்தபோது இரண்டும் ஒரே பீஜவாக இருந்தது.

அந்தப் பத்து நாளும் வித்துப் போத்தலுக்காகக் காத்திருந்தேன். மரத்தூளை நான் முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டேன். மர ஆலைக்கார நானா மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "தூளத் திங்கிற அளவுக்குத் தோட்டத்துல பஞ்சமா தம்பி?" என்று கேட்டார். லயத்தில் கடைசிக் காம்பரா ஆளில்லாத அறையாகச் சும்மா கிடந்தது. தோட்டத்தை நடத்துகிற சின்ன தொரை அதைத் தரச் சம்மதித்தார். பாவித்த பைகளை அடுப்பில் எரிக்க வேண்டும், ரப்பர் மரத்துப் பக்கம் ஒரு பிடிகூடப் போகக்கூடாது என்பது மட்டும் அவருடைய கட்டளை.

மூட்டைகளில் ஒன்று கிழிந்திருந்தது. அதை அம்மா குசினிக்குப் பின்னால் வைத்திருந்தாள். தூள் பறந்து சின்னவன் கண்ணில் விழுகிறது என்று, அரிசி கழுவிய தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அரிசி கழுவிய தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வெடிப்புக்கு இதமாக இருக்குமாம். கை வைப்பாள், பிறகு அதை மூட்டையில் ஊற்றுவாள். பத்து நாளும் இப்படி.

வித்துப் போத்தல் வந்த அன்று காலையில் பீப்பாய்க்கு நெருப்பு மூட்டினேன். நல்ல உலர்ந்த தூளில் நான் செய்த பைகள் கீழே. அவற்றுக்கு மேலே வித்துப் போத்தல்கள். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"என்னங்க, உசுரு இல்லாத வித்து எப்படி மொளைக்கும்?"

"கொப்பியில எழுதியிருக்கு."

"யாரு எழுதினா?"

"நான்தான். ஆனா சொன்னது மிஸ். நெல்ல அவிக்காமயா சோறாக்குறோம்?"

"சோறு மொளைக்குமாங்க?"

பக்கத்துக் காம்பராவில் இருந்த உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், பால் வெட்டிவிட்டு வந்தவர், கொப்பியை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "பீ... ஜ. ஏன் மாப்ள, மொத எழுத்தே நாறுதே! இதப் போயா அவிக்கப் போற?" என்றார். லயத்துப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால் மூடியை இறுக்கிப் போட்டேன்.

இரண்டு போத்தல் பீப்பாயில் கொள்ளவில்லை. அவிக்காத வித்து, உசுரு போகாதது, எறிந்துவிடலாம் என்றேன். அம்மா எறியவில்லை. மிஞ்சின ஏழு பைகளில், குசினிக்குப் பின்னால் கிடந்த அந்த நனைந்த தூளை நிரப்பினாள். நான் என் பைகளை இறக்கிய பிறகு, அணையப் போகும் நெருப்பில் அவளுடைய பைகளுக்கு ஒரு மணித்தியாலம்தான் ஆவி கிடைத்தது. ஆறின பிறகு எறியச் சொன்ன போத்தலில் இருந்து வித்துப் போட்டாள். ஸ்பிரிட் போட்டால் கை எரியும் என்று கையைக்கூட அரிசித் தண்ணீரில்தான் கழுவினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போனது. என் பைகள் வைத்தது வைத்தபடியே இருந்தன. மூலையில் நெல் ஊறிக் குழைந்து சோறு மாதிரிக் கிடந்தது. அம்மாவின் ஏழு பைகளிலும் மேலேயிருந்து கீழே வெள்ளை நூல் இறங்கிக்கொண்டிருந்தது. பால் ஊற்றினது போல்.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? வித்து செத்துப்போனது என்று அல்ல. அழுக்குதான் காளானுக்குச் சாப்பாடு என்று முடிவு பண்ணினேன். வகுப்பில் கிருமியைக் கொல்லச் சொன்னார்கள், நான் கொன்றேன், முளைக்கவில்லை. அவள் கொல்லவில்லை, முளைத்தது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டில் நிற்கும்போது ஆட்களைப் பிடித்துப் பிடித்து இதைச் சொன்னேன்.

பிறகு மிஸ் பார்க்க வந்தார். என் பை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"மே மொகத அய்யே? இது என்ன? வித்து எங்க?"

"போட்டோம் மிஸ். அவிச்சுத்தான் போட்டோம்."

"மொனவாத தெம்புவே?" என்ன அவித்தீர்கள் என்று கேட்டார்.

"பீஜ."

மிஸ் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "அனே அய்யே! பீஜத் தெம்புவாத?" வித்தையுமா அவித்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அங்கே கிடந்த மூட்டையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அவிக்க வேண்டியது விஷபீஜ, கிருமி. போட வேண்டியது பீஜ, வித்து என்று கொப்பியில் தன் கையாலேயே கோடு போட்டுக் காட்டினார்.

சோறு முளைக்குமா என்று அம்மா கேட்டது என் காதில் மறுபடியும் கேட்டது. அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது.

சரி, இப்போது எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அழுக்கு காரணம் இல்லை, அவிக்காத வித்துதான் காரணம். இரண்டாம் தடவை வித்தை அவிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அவித்தேன். கடைசிக் காம்பராவைப் பிளீச்சிங் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மூக்கில் துவாய் கட்டினேன். உங்களை வாசற்படி மிதிக்கவிடவில்லை. மாமா தூரத்தில் நின்று, "டாக்டர் ஐயா, பிரசவம் எத்தன மணிக்கு?" என்று கேட்பார்.

பிளீச்சிங் தண்ணீரில் அம்மாவால் கை வைக்க முடியவில்லை. ஒருநாள் எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டு, வெளியே போய்க் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அசிட்டைவிட இது பரவாயில்லையா என்று கேட்டேன். "ரெண்டும் ஒன்னுதாங்க, வாசம்தான் வேற" என்றாள். அதற்குப் பிறகு அவள் தனியாகக் குசினிப் பக்கத்தில், அரிசித் தண்ணீர் ஊற்றிய தூளில், கொஞ்சம் பைகள் செய்தாள். வித்து இருவருக்கும் ஒரே போத்தல்.

இரண்டு கிழமையில் என் பைகளில் பச்சை விழுந்தது. முதலில் ஒரு பொட்டு, மறுநாள் ஒரு கை அகலம். பச்சைப் பூஞ்சணம் பிடித்தால் காளான் நூல் அதற்கு மேல் போகாது. பாதிக்கு மேல் போய்விட்டது. அம்மாவின் பைகளிலும் ஒன்றிரண்டில் பச்சை தொடங்கியது. ஆனால் வெள்ளை நூல் அதைச் சுற்றி வளைத்து நிறுத்திவிட்டது. கண்ணால் பார்த்தேன். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தப்பு செய்தவனுக்கு நட்டம் வந்தால் மனசு ஆறும். எல்லாம் சரியாகச் செய்தவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

மிஸ் வந்தபோது இந்தத் தடவை சிரிக்கவில்லை. அம்மாவின் பை ஒன்றின் பஞ்சை எடுத்து முகர்ந்தார்.

"புளிக்குது."

"ஆப்ப மா வாசம் மிஸ்" என்றாள் அம்மா, அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில். "ராத்திரி கரைச்சு வச்சா காலையில பொங்குமே, அது."

மிஸ் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அதுவரை அவர் என்னிடம்தான் பேசுவார். "அக்கா சொல்றது சரியா இருக்கலாம். இதுல பக்டீரியா இருக்கு. புளிக்க வைக்கிறது அதுதான்."

"அப்ப கிருமியா?" என்று கேட்டேன்.

"கிருமிதான். ஆனா எல்லாக் கிருமியும் விஷபீஜ இல்ல."

"அவிச்சோமே மிஸ். செத்திருக்கணுமே?"

"சிலது சாகாது அய்யே. சூட்டுக்குள்ள சுருண்டு நித்திரை கொள்ளும். ஆறினதும் எழும்பும். எழும்பி பச்சைக்கு எடம் குடுக்காம இருக்கும். இருக்கலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப எதுக்கு அவிக்கிறோம்?"

மிஸ் பஞ்சைத் திரும்ப அடைத்தார். "அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார்.

அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. "பச்ச மாவுல ஆப்பம் சுட்டா கல்லு மாதிரி வரும். நேத்து மாவுல ஒரு கரண்டி போட்டாத்தான் பொங்கும். இதுல என்னங்க இருக்கு?" என்றாள். எனக்குத்தான் தலை சுற்றியது. ஆப்பத்துக்குள் இருக்கிறது கிருமியா? அதையா உங்களுக்கு இத்தனை நாள் ஊட்டினோம்? வேரில் இருந்தால் நோய், பையில் இருந்தால் மருந்து. தூளில் இருந்தால் அழுக்கு, மாவில் இருந்தால் பலகாரம். அடுத்த நாள் வேர்நோய்க் கேங்கில் மண்ணைத் தோண்டும்போது, கந்தகத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். இதற்குள் யாரைக் கொல்கிறேன், யாரைக் காப்பாற்றுகிறேன்? கங்காணி, "என்னப்பா, குழிக்குள்ள சாமி தெரியுதா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் தூவினேன்.

மிஸ் அம்மாவின் தூளில் ஒரு பிடி கட்டி எடுத்துக்கொண்டு போனார். அவர்களுடைய பெரிய இடத்தில் சோதித்துப் பார்ப்பார்கள் என்றார். அந்தப் பதில் வருமட்டும் நான் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. ஆம் அல்லது இல்லை.

இதற்கிடையில் முதல் தடவை செய்த அந்த ஏழு பைகளில் கொம்பு மாதிரி வெளியே வந்தது. நுனி வெள்ளை, நடு மஞ்சள், அடி சிவப்பு. பிறகு விசிறியாக விரிந்தது. மினுமினு என்று, வகுப்பில் பார்த்தது போலவே. கொக்கோ தூள் மாதிரி ஒரு பழுப்புத் தூள் அதிலிருந்து கிளம்பி சுவரிலும் கூரைத் தகரத்திலும் படிந்தது. மாமாகூடக் கேலி பண்ணவில்லை. தொடலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். "நீ எரிச்ச ஆளோட தம்பியாடா இது?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய கிளாக்கர் சொன்ன தவணைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அப்போதுதான் மிஸ் வந்தார். கையில் ஒரு கடிதம், சிங்களத்தில். அவரே படித்துச் சொன்னார். தூளில் பல ஜாதி பக்டீரியா இருக்கிறதாம். நல்லது என்று சொல்லக்கூடியதும் இருக்கிறதாம், கெட்டது என்று சொல்லக்கூடியதும் இருக்கிறதாம். எது என்ன வேலை செய்கிறது என்று ஒரு பிடியை வைத்துச் சொல்ல முடியாதாம். ஆகவே வகுப்பில் சொன்ன முறைப்படியே செய்யவும், புளித்த வாசம் வந்தால் எறிந்துவிடவும்.

"அவ்வளவுதானா மிஸ்?"

"அவ்வளவுதான் அய்யே." அவருக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. கொண்டுவந்த வித்துப் போத்தல்களை இறக்கி வைத்தார். இனிமேல் இரண்டு மாதத்துக்கு வித்து கிடைக்காது, இதைப் பார்த்துப் பாவியுங்கள் என்றார். வாசலில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு மூடிக்கொண்டு வந்திருந்தது. பிறகு பஸ்ஸுக்குப் போனார்.

ஆகவே ஒரு தடவைக்குத்தான் வித்து. கடிதப்படி செய்து பச்சை விழுந்தால் அம்மா ஸ்டோருக்குப் போக வேண்டும். அவள் இஷ்டப்படி செய்து பச்சை விழுந்தாலும் போக வேண்டும். படித்தவர்கள் கடிதம் போட்டுச் சொன்ன பிறகு அதை மீற எனக்குத் தைரியம் இல்லை. ஏழு பை வாய்த்தது தற்செயலாக இருந்தால்?

"கடுதாசியிலயே தெரியலன்னுதானே எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

"தெரியலன்னா, பழையபடி செய்யின்னு எழுதியிருக்கு."

"ஒங்களுக்கு வெளங்கணும். எனக்குக் கை ஆறணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தூளைக் கிளறிக்கொண்டே சொன்னாள். மற்ற மூட்டைகள் எல்லாவற்றையும் கொட்டி, பழைய புளித்த தூளில் இரண்டு கூடை கலந்து, அரிசி கழுவிய தண்ணீர் தெளித்துக் குவித்திருந்தாள். ஆப்ப மாவுக்கு உறை போடுவது போலத்தான். லயத்தில் எல்லா வீட்டிலும் சொல்லி வைத்துத் தண்ணீர் வாங்கியிருந்தாள். பெரியவள் சட்டியில் கொண்டுவந்து ஊற்றியதும் அந்தக் குவியலில்தான்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இது அம்மாவுக்கும் தெரியாது. அவள் தண்ணீர்ப் பீலிக்குத் துணி அலசப் போன நேரத்தில், நான் பிளீச்சிங் போத்தலை எடுத்துக்கொண்டு அந்தக் குவியலுக்கு முன்னால் வந்து நின்றேன். ஊற்றிக் கிளறிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும், அவளுக்குத் தெரியவும் தெரியாது. மூடியைத் திறந்தும் விட்டேன். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே சூடாக இருந்தது. நெருப்பு மூட்டாமலே, காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி இளஞ்சூடு. அதற்குள் எத்தனை கோடி உயிர் இருக்கிறதோ, அதில் யார் நமக்கு ஆள், யார் அசிட்டுக்கு ஆள் என்று யாருக்குத் தெரியும்? போத்தலைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பீலிப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. மூடியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தெளிந்துதான் ஊற்றாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். குழம்பித்தான் விட்டேன். அவள்மேல் நம்பிக்கை வைத்து விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. எதைச் செய்வது என்று தெரியாதவன் கை தானாக நின்றுபோனது, அவ்வளவுதான்.

அடுத்த நாளே பைகளை அவித்து, ஆறவிட்டு, இருவரும் சேர்ந்து வித்துப் போட்டோம். வெள்ளை இறங்குமா, பச்சை விழுமா என்பது தெரிய இரண்டு கிழமையாவது வேண்டும். தவணை முடிய இருந்தது இரண்டே நாள்.

தவணை முடிந்த அன்று காலைப் பெரட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது என்றுதான் இருந்தேன். விடிந்து பார்த்தால் அவள் ஸ்டோர் உடுப்பில் இல்லை. கடைசிக் காம்பராவில் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள, பெரட்டுக்கு நேரமாச்சு."

"நீங்க போங்க."

"கிளாக்கர் கேட்டா?"

"அவ வரமாட்டான்னு சொல்லுங்க."

"பச்ச விழுந்தா?"

"விழுந்தா எடுத்து எரிச்சிட்டு மறுபடி செய்வோம். கையி விழுந்தா எத வச்சுங்க செய்யிறது?"

நான் தனியாகப் போனேன். பெரிய கிளாக்கர் பேர்ப் புத்தகமான செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கப்பா அவ?"

"வரலங்க ஐயா."

"என்ன, காளான் அவ்வளவு நம்பிக்கையா?"

"தெரியலங்க ஐயா."

"தெரியாமலா பேர எடுக்கச் சொல்ற?"

"ஆமாங்க ஐயா."

அவர் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது போல் இருந்தது. வரிசையில் பின்னால் நின்ற மாமா, "எங்க தங்கச்சிக்குத் தெரியுங்க ஐயா, மாப்ளைக்குத்தான் தெரியாது" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பைகளில் கொஞ்சம் பச்சை விழுந்தது. நிறைய சிவந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை எல்லாம் சிவந்தது, இன்னொரு தடவை அதே தூள், அதே தண்ணீர், அதே கை, பாதி அழுகிப்போனது. ஏன் என்று கேட்காதீர்கள். மிஸ் எம்பிலிப்பிட்டியப் பக்கம் மாறிப் போய்விட்டார், கேட்க ஆளும் இல்லை. மருந்துக் காளான் வாங்க வந்தவர்கள் பின்னால் வராமல் போனார்கள். அம்மா சாப்பாட்டுக் காளானுக்கு மாறினாள், நீங்கள் பை நிரப்பி வளர்ந்தது அதில்தான். ஸ்டோருக்கு அவள் திரும்பவில்லை.

பெரியவள் இப்போது விஞ்ஞானம் படிக்கிறாள். நல்ல பக்டீரியா, கெட்ட பக்டீரியா என்று இரண்டு பக்கமாகக் கோடு போட்டு எழுதியிருப்பதைப் பார்த்தேன். அம்மாவின் குவியலில் கையை விட்டுப் பார்த்தால் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியாது. மகளே, உனக்குத் தெரிந்தால் சொல்லு. சின்னவன் கட்டுரையைத் திருத்தட்டும்.

மற்ற ஒன்பது விரலும் ஆறிவிட்டது. கட்டைவிரலுக்கு மட்டும் நகம் வரவில்லை. அந்த விரலால்தான் அம்மா பையின் வாயில் பஞ்சை அமுக்குகிறாள். நகம் இருந்தால் பொலித்தீன் கிழியும், இதுதான் வசதி என்கிறாள். அது உண்மையா, எனக்காகச் சொல்கிறாளா, அதுவும் எனக்கு விளங்கவில்லை.